கொடிமலை ரயிலின் நடு நிலையம் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஆயர் ஈத்தாம் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்,
பினாங்கு.

பெறுநர்:
மாண்புமிகு மாநில முதலமைச்சர் அவர்கள்,
கொம்தார், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: கொடிமலை ரயில் நடு நிலையத்தில் நின்று செல்லவும், அங்கே தமிழிலும் வரலாற்றுப் பலகை வைக்கவும் வேண்டுதல்.

மாண்புமிகு ஐயா,

வணக்கம். கொடிமலைக்கு (பினாங்கு ஹில்) ரயில் போட 1897இல் தொடங்கிய முதல் முயற்சி தோல்வியில் முடிந்தது. பின்னர் கூட்டு மலாய் மாநில ரயில்வேயின் பொறியாளர் ஏ.ஆர். ஜான்சன் வகுத்த பாதையில்தான் 1923இல் ரயில் ஓடியது. 1924 ஜனவரி முதல் நாள் அதிகாரப்பூர்வத் திறப்பு விழா நடந்தது. அதற்கு முன்பு துரைமார்களை மேலே கொண்டு சேர்த்தது டோலி. டோலி சுமந்தவர்களும் காவலுக்கு நின்றவர்களும் கும்பிட்ட சிறு சன்னதியே இன்று உச்சியில் அருளொளி திருமுருகன் ஆலயமாக வளர்ந்து நிற்கிறது. மேலே போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2010 வரை இப்பாதை இரண்டு பகுதியாக இருந்தது. கீழ்ப்பகுதியில் பெட்டிகளை இழுக்க ஒரு கம்பிவடம், மேல்பகுதிக்கு வேறொன்று. நடு நிலையத்தில் எல்லாரும் இறங்கி மறு ரயிலுக்கு மாற வேண்டும். பாட்டிமார் முழங்காலைப் பிடித்தபடி படியேறுவார்கள். பிள்ளைகள் முன்வரிசையில் இடம் பிடிக்க ஓடுவார்கள். அர்ச்சனைக்கான பூவும் பழமும் நசுங்காமல் கைமாறும். மலைக்காற்று சிலுசிலுவென்று முகத்தில் பட்டதும் குழந்தைகளுக்குக் குளிர்ச்சட்டை மாட்டிவிடுவதும் அங்கேதான்.

2011இல் புதிய பெட்டிகள் வந்தன. அரைமணி நேரப் பயணம் பத்து நிமிடத்திற்குள் முடிந்துவிடுகிறது. ஆலயம் செல்லும் முதியவர்களுக்கு இது பெரிய உதவி. அதை மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் வருகையாளர்களில் பெரும்பாலோர் நடு நிலையத்தைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே கடந்து போகிறார்கள். பெயர்கூட மனத்தில் பதிவதில்லை.

ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் இரண்டு பெட்டிகள் இருப்பதால், ஒன்று நின்றால் மற்றதும் பாதையில் நிற்கும் என்பதை அறிவோம். ஆகவே வார இறுதியிலோ பள்ளி விடுமுறையிலோ நிறுத்தச் சொல்லவில்லை. வேலை நாள்களில், கூட்டம் குறைந்த காலை நேரத்தில் ஏறும்போது ஒருமுறை, மாலையில் இறங்கும்போது ஒருமுறை, அட்டவணையில் குறிப்பிட்டு நின்று சென்றால் போதும். பள்ளி மாணவர் குழுக்களுக்கு முன்பதிவின்பேரில் அனுமதி தரலாம். தாவரவியல் பூங்காவிலிருந்து கேபிள் காரும் வந்துவிட்டால் ரயிலில் நெரிசல் குறையும். அப்போது இது இன்னும் எளிதாகும்.

பலகை விஷயத்தில் எங்களுக்கு அழுத்தமான விருப்பம் உண்டு. 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மரம், பறவை பற்றிச் சொல்வதோடு, இம்மலையில் சுமை தூக்கிய மனிதர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேசிய மொழி, சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதே அளவு எழுத்தில் இடம்பெற வேண்டும். பொது இடங்களில் எழுத்துப்பிழையோடு தொங்கும் தமிழ்ப் பலகைகளைப் பார்த்து மனம் நொந்திருக்கிறோம். ஆகவே அச்சுக்குப் போகும் முன் வாசகத்தை எங்களுக்குக் காட்டுங்கள். எங்கள் வட்டாரத் தமிழாசிரியர்கள் கட்டணமின்றித் திருத்தித் தர ஆயத்தமாக இருக்கிறார்கள்.

முதியோர் இறங்க நேர்ந்தால் கைப்பிடியும் ஓரிரு இருக்கைகளும் தேவைப்படும். அதையும் கவனிக்க வேண்டுகிறோம்.

இதுபற்றி நேரில் விளக்க ஒரு சந்திப்புக்கு நேரம் ஒதுக்கி, ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
ஆயர் ஈத்தாம் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள்