பிள்ளைகளின் அழைப்பை நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை வந்தால் சபைகளில் வாலிபர் முகாம்கள் தொடங்கிவிடும். கடைசி நாள் இரவு, தேவன் தங்களை ஊழியத்துக்கு, அதாவது தம்முடைய பணிக்கு, அழைக்கிறார் என்று ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னே வாருங்கள் என்பார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கண்ணீரோடு எழுந்து போவார்கள். அந்தக் கண்ணீரை நாங்கள் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து அந்த உணர்வு வற்றியதும், தேவனை ஏமாற்றிவிட்டோமோ என்று அவர்களில் சிலர் யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் புழுங்குகிறார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியர்களான எங்களுக்கு அதுதான் கவலை.

முகாமின் கடைசி இரவு என்றால் இரண்டு மூன்று நாள் சரியான தூக்கம் இல்லை, இசை உச்சத்தில் இருக்கிறது, பக்கத்தில் நண்பன் எழுந்துவிட்டான். வயதுவந்தவரே தடுமாறும் நேரம் அது. அப்போது, ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்ற தீர்மான அட்டையில் கையெழுத்து வாங்கக் கூடாது. அதற்குப் பதிலாக, மனதில் பட்டதை ஒரே வரியில் எழுதித் தேதி போட்டு அவர்களையே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்று வாரம் கழித்து ஒரு பெரியவர் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பேச வேண்டும். அந்த வரி மங்கிப்போயிருந்தால் அது பாவம் அல்ல என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்கள்.

வேதத்தில் வரும் சிறுவன் சாமுவேலின் கதையை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறோம், அதில் வரும் ஆசாரியரான ஏலியைக் கவனிப்பதில்லை. ஆலயத்திலேயே வளர்ந்த சாமுவேலுக்கு, இரவில் தன்னை அழைத்த கர்த்தருடைய குரல் தெரியவில்லை. மூன்று முறையும் ஏலியிடமே ஓடினான். அழைக்கிறவர் யார் என்று ஏலிக்கும் மூன்றாவது முறைதான் புரிந்தது. புரிந்த பிறகும், கர்த்தர் உன்னிடம் இன்னது சொல்லப்போகிறார் என்று அவர் விளக்கவில்லை. போய்ப் படுத்துக்கொள், மறுபடி அழைத்தால் 'சொல்லும், அடியேன் கேட்கிறேன்' என்று சொல் என்றார். பெரியவர்களின் வேலை இவ்வளவுதான். மறுநாள் காலையில் சாமுவேல் ஆலயக் கதவுகளைத் திறந்தான் என்று அதே அதிகாரத்தில் இருக்கிறது. எங்களுக்கு மிகவும் பிடித்த வசனம் அது.

பெற்றோரிடம் ஒன்று சொல்ல வேண்டும். 'உன்னைக் கருவிலேயே ஊழியத்துக்குப் பொருத்தனை பண்ணிவிட்டோம்', அதாவது நேர்ந்துவிட்டோம், என்று பிள்ளையிடம் திரும்பத் திரும்பச் சொல்வது பாரமாகிவிடும். சாமுவேலின் தாய் அன்னாளும் பொருத்தனை பண்ணினாள். ஆனாலும் கர்த்தர் சாமுவேலைப் பேர் சொல்லித் தாமே அழைத்தார். உங்கள் பொருத்தனை உங்கள் ஜெபமாக இருக்கட்டும், பிள்ளையின் கழுத்தில் மாட்டும் அட்டையாக வேண்டாம்.

அழைப்பை எங்கே தேடுவது? தன்னைக் குறித்து தேவசித்தம் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு 1 தெசலோனிக்கேயர் 5:18 நேராகவே பதில் சொல்கிறது: எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வதே தேவசித்தம். அன்றாட ஆசீர்வாதத்தைப் பார்க்கப் பழகாத கண்ணுக்கு அழைப்பும் தெரியாது. இரண்டையும் ஒரே நோட்டில் பழக்கலாம்.

இரவில் பத்து நிமிடம் போதும். மூன்று நன்மைகள் எழுத வேண்டும். 'குடும்பத்துக்காக நன்றி' போன்ற பொதுவான வரி செல்லாது. யார், எப்போது, என்ன செய்தார் என்பது இருக்க வேண்டும். 'கணக்கில் தப்பு எங்கே என்று பக்கத்தில் இருந்தவள் கேலி செய்யாமல் காட்டினாள்' என்பது ஒரு நன்மை. ஒரு வாரத்துக்குள் அதே வரி திரும்ப வரக் கூடாது. அதற்குக் கீழே இரண்டு கேள்விகள்: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை? யாருடைய கஷ்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை?

இரண்டாவது வாரத்தில் பலர் நிறுத்திவிடுவார்கள். தினமும் எழுதுவது சடங்காகிவிடுவதுதான் காரணம். அப்போது வாரத்துக்கு மூன்று நாளாகக் குறையுங்கள். ஒரு நாள்கூடப் போதும். எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வாரம் ஒருமுறைதான், ஐந்து நன்மைகள் வரை, பத்து வாரம் எழுதியது. மற்றக் குழுக்களைவிட அவர்களிடம் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய நிறைவு கூடுதலாக இருந்தது. இன்னொரு தவறு, பெரியவர்கள் நோட்டை வாங்கிப் படிப்பது. ஒருமுறை படித்தால் போதும், அதன்பின் பிள்ளை நமக்குப் பிடித்ததைத்தான் எழுதும். கெட்ட நாளில் நன்றி எழுதக் கட்டாயப்படுத்துவது இன்னும் மோசம். தேவனிடம் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கிறோம். கடைசிச் சில பக்கங்களைப் புலம்பலுக்கென்று விட்டுவையுங்கள். 13-ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்றுதானே தொடங்குகிறது!

ஆறு வாரம் ஆனதும் பிள்ளையே தன் நோட்டைப் புரட்டி, அடிக்கடி வரும் வினைச்சொற்களுக்குக் கீழே கோடு போடட்டும். டாக்டர், போதகர் என்ற பெயர்களை அல்ல. சொல்லிக்கொடுத்தேன், பழுது பார்த்தேன், கேட்டுக்கொண்டிருந்தேன் என்பவற்றை. பிறகு, தன்னை நன்றாக அறிந்த இரண்டு மூன்று பேரிடம் 'என்னால் யாருக்காவது பிரயோஜனம் இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?' என்று கேட்கட்டும். கோடு போட்டதும் அவர்கள் சொன்னதும் பொருந்தும் இடத்தில் ஒரு சிறிய பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்: நான்கு வாரத்துக்குச் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உதவி, ஒலிபெருக்கி வேலை, நடமாட முடியாத முதியவர் வீட்டுக்குப் பெரியவர் ஒருவரோடு போய்வருவது. நான்கு வாரத்தில் ஒத்துவரவில்லை என்றால் மரியாதையாக விலக வழி இருக்க வேண்டும்.

பிரசங்க மேடை மட்டுமே அழைப்பு அல்ல. யாத்திராகமம் 31-இல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டான் என்று சொல்லப்படும் பெசலெயேல் ஒரு கைவினைஞன். யோசேப்பு சொப்பனம் கண்டபோது வயது 17, பார்வோன் முன் நின்றபோது 30. நடுவில் அடிமை வீட்டிலும் சிறையிலும் கிடந்தபோதும், கர்த்தர் அவனோடே இருந்தார் என்றே வேதம் சொல்கிறது. வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வரும் எரேமியா 29:11, தேவன் நம்மேல் வைத்திருக்கும் சமாதான நினைவுகளைச் சொல்கிறது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் முடிய வேண்டும் என்று இருக்கிறது; அதையும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுங்கள். ஆட்டுத்தோலை இரவில் களத்தில் போட்டு, அது பனியில் நனைகிறதா என்று பார்த்த கிதியோன் போல அடையாளம் கேட்கிற பிள்ளையிடம், கிதியோனுக்கு அழைப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை இரண்டு. 'இது தேவன் உனக்குத் தந்த வெளிப்பாடு, வீட்டில் சொல்லாதே' என்று யார் சொன்னாலும், ஊழியக்காரரே சொன்னாலும், பிள்ளை அதை அன்றைக்கே வீட்டில் சொல்லப் பழக வேண்டும். குரல்கள் கேட்கின்றன, தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கின்றன, தூக்கமே இல்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் ஜெபத்தோடு நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும்.

முகாம் நடத்துகிறவர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: வருகிற விடுமுறையில் கடைசி இரவுக்கு அட்டை அச்சடிக்க வேண்டாம். அதற்குப் பதில், மூன்று வாரம் கழித்து யார் யாரை எந்த நாளில் சந்திப்பார் என்ற பட்டியலை முகாம் தொடங்கும் முன்பே தயார் செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள்