பச்சைப் புல்லும் மரத்துப்போன கால்களும்

லெக்சிங்டன், கென்டக்கி
ஜனவரி 18

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து அத்தனை சந்தோஷம். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருந்தாயே, அது போதும். இங்கே நாங்களும் நலம். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. பெரியவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள்.

"அங்கே புல்லுக்குப் பஞ்சமே இல்லையே, மாடுகளுக்கு அப்படி என்ன நோய் வந்துவிடும்?" என்று கேட்டிருந்தாய். அந்தப் புல்லால்தான்டி இங்கே பாதி நோய்.

போன வாரம் ஒரு பண்ணைக்கு மாடு பார்க்கப் போயிருந்தோம். இரண்டு வயதுக் கிடாரி, பின்னங்கால் நொண்டுகிறது. உறைந்த மண்ணில் ஏதோ குத்தியிருக்கும் என்று பண்ணைக்காரர் நினைத்திருந்தார். சேற்றைக் கழுவிவிட்டு மேலிருந்து கீழாகக் கையால் தடவிக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் கதகதப்பாக இருந்தது. குளம்புக்குச் சற்று மேலே வீங்கியிருந்த இடத்தைத் தாண்டியதும் சில்லென்று ஆகிவிட்டது. தோலில் கோடு போட்டது போல ஓர் எல்லை. அதற்குக் கீழே தோல் காய்ந்து விறைத்திருந்தது. ஊசியால் குத்திப் பார்த்தேன், அது காலை இழுக்கவே இல்லை. வால் நுனியும் கறுத்துக் கிடந்தது. சீழ் இல்லை, குத்துக்காயமும் இல்லை. ரத்தம் போகாமல் சதை செத்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபெஸ்க்யூ கால் என்று இங்கே இதைச் சொல்வார்கள். அந்த அளவுக்குப் போன காலைத் திரும்பக் கொண்டுவர நம் கையில் மருந்து இல்லை. அதுதான் மனதை அறுக்கிறது.

டால் ஃபெஸ்க்யூ என்கிற புல்லுக்குள், செல்களுக்கு நடுவே, எபிக்லோயி என்ற பூஞ்சை குடியிருக்கிறது. வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. விதை வழியாகத்தான் அடுத்த தலைமுறைப் புல்லுக்குப் போகும். அது சுரக்கும் நஞ்சுகளில் முக்கியமானது எர்கோவலின். பிரசவமானதும் ரத்தப்போக்கை நிறுத்தப் போடுகிறார்களே மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி, அதே எர்காட் என்ற பூஞ்சை நஞ்சுக் குடும்பம்தான். உன் மருமகளுக்குக்கூடப் போட்டிருப்பார்கள். அங்கே ஒரு வேளை, அளவோடு. இங்கே மாடு அதை நாள் முழுக்க மேய்கிறது.

ரத்தக்குழாய்ச் சுவரிலுள்ள தசையில், உடம்பு தானே சுரக்கும் செரட்டோனின் வந்து ஒட்டும் இடங்கள், அதாவது ஏற்பிகள், உண்டல்லவா? எர்கோவலின் அவற்றில் போய் ஒட்டிக்கொண்டு குழாயைச் சுருக்குகிறது. கொடுமை என்னவென்றால், அது எளிதில் விடுவதில்லை. இதே லெக்சிங்டனில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஜேம்ஸ் கிளாட்ஸ் என்பவர், மாட்டின் பின்னங்கால் சிரையைத் துண்டு துண்டாக வெட்டி, திரவத்தில் தொங்கவிட்டு, இந்த நஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். செரட்டோனினால் சுருங்கிய குழாய், கழுவிவிட்டால் தளர்ந்துவிடும். எர்கோவலினால் சுருங்கியது, கழுவினாலும் சுருங்கியபடியே இருந்தது. ஓஸ் பைப்பை மிதித்தவர் காலை எடுக்கவே மாட்டேன் என்று நிற்பது போல. மாட்டை அந்தப் புல்லிலிருந்து வெளியேற்றினாலும் குழாய்கள் பழையபடி தளர வாரக்கணக்கில் ஆகிறது.

குளிர்காலத்தில் காது, வால், குளம்பு என்று உடம்பின் ஓரங்களுக்கு ரத்தம் ஏற்கெனவே குறைவு. அதோடு இதுவும் சேர்ந்தால் அந்தக் கிடாரியின் கதிதான். கோடையில் இதே நஞ்சு வேறு முகம் காட்டும். தோலுக்கு ரத்தம் வராததால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. ஜூலை மாத வெயிலில், மற்ற மாடுகள் மேய்ந்துகொண்டிருக்க, நஞ்சேறியவை வயிறு நனையும் வரை குட்டைத் தண்ணீரில் நிற்கும். நாக்கு தொங்கும், வாயில் எச்சில் வழியும். உடம்பில் போன குளிர்காலத்து ரோமம் இன்னும் உதிராமல் சடை சடையாக இருக்கும். நஞ்சு புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் குறைத்துவிடுவதால்தான் ரோமம் உதிர்வதில்லை. பாலும் குறையும், சினை பிடிப்பதும் குறையும். கால் அழுகிய மாடு கண்ணில் படுகிறது. எடை கூடாமல், சத்தமில்லாமல் தேய்கிற மாடு கண்ணில் படுவதே இல்லை. நட்டம் பெரும்பாலும் அதில்தான். ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

பிறகு ஏன் இந்தப் புல்லை வைத்திருக்கிறார்கள் என்று கேட்பாய். 1931இல் ஃபெர்கஸ் என்ற பேராசிரியர், மெனிஃபி மாவட்டத்தில் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் மற்றதெல்லாம் காய்ந்த பின்னும் பச்சையாக நின்ற புல்லைப் பார்த்து விதை எடுத்து வந்தார். 1943இல் அதைக் கென்டக்கி 31 என்ற டால் ஃபெஸ்க்யூ ரகமாக வெளியிட்டார்கள். மண் அரித்துப்போன சரிவுகளையெல்லாம் அது மூடியது. இன்று இந்த நாட்டில் ஏறத்தாழ மூன்றரைக் கோடி ஏக்கரில் டால் ஃபெஸ்க்யூ இருக்கிறது. மாடுகள் கெடுவது எதனால் என்று வெகுகாலம் பிடிபடவில்லை. 1977இல்தான் சார்லஸ் பேக்கனும் உடனிருந்தவர்களும் ஜார்ஜியா மாநிலத்தில் அதைப் பூஞ்சையோடு முடிச்சுப் போட்டார்கள்.

சரி, பூஞ்சையை நீக்கினால் என்ன? நீக்கிப் பார்த்தார்கள். மாடு நன்றாக இருந்தது, புல் செத்தது. வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் தெம்பைப் புல்லுக்குக் கொடுத்ததே அந்தப் பூஞ்சைதான். பின்னர் நியூசிலாந்து ஆராய்ச்சியாளர்கள், புல்லைக் காக்கும் ஆனால் எர்கோவலின் சுரக்காத வேறொரு பூஞ்சையைத் தேடி எடுத்தார்கள். அந்த விதை 2000 வாக்கில் சந்தைக்கு வந்தது. அருமையான வேலை, எனக்கு அதில் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் பழைய புல்லை முழுக்க அழித்துவிட்டு விதைக்க வேண்டும், ஒரு பருவ மேய்ச்சல் போகும், சரிவில் மண்ணும் போகும். சின்னப் பண்ணைக்காரர்களிடம் அதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நான் அவர்களுக்குச் சொல்வது சிவப்பு குளோவர், புல்லோடு கலந்து விதைக்கும் பயறு வகைத் தீவனச் செடி. மேய்ச்சலில் நஞ்சின் பங்கு குறைகிறது என்பது மட்டுமில்லை, அதிலுள்ள பயோகானின் ஏ என்ற பொருள் சுருங்கிய ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்று இதே ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். நஞ்சு பூக்கதிரில்தான் அதிகம் என்பதால், கதிர் தள்ளும் முன் வெட்டிவிடுவதும் நல்லது.

நம் ஊரைப் பற்றிப் பயப்படாதே. இது குளிர்நாட்டுப் புல், நாமக்கல் வெயிலில் நிற்காது. நம் கம்பில் தேனொழுகல் நோய் வருகிறதே, அதுவும் எர்காட்தான், ஆனால் நஞ்சு வேறு வகை. வாந்தியும் மயக்கமும் வருமே தவிர, காலை இப்படி நெரிப்பதில்லை.

அந்தப் பண்ணைக்காரர் பிப்ரவரியில் குளோவர் தூவ ஒத்துக்கொண்டார். இரவில் மண் உறைந்து பகலில் இளகும்போது விதை தானாக உள்ளே இறங்கிவிடும், உழவே வேண்டாம். மற்ற மாடுகளை அந்த வயலிலிருந்து மாற்றி, வேறு உலர்புல் போடச் சொல்லிவிட்டு வந்தோம்.

பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே. அப்புறம், மே மாதம் நீ ஓய்வு பெற்றதும் இங்கே வருவதாகச் சொன்னது நிஜம்தானே? விசாவுக்கு இப்போதே எழுதிப் போடு.

அன்புடன்,
மலர்