விமானக் கம்பெனி வேலை பற்றிப் பெரியவளுக்குச் சொல்ல

மாப்ள,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். உன் பெரிய பொண்ணு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் வந்துவிட்டாளா! அதற்குள் விமானம் செய்கிற கம்பெனிக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் வேறா? ரொம்ப சந்தோஷம். போனில் பேசினால் நாம் குரோம்பேட்டை ஹாஸ்டல் கதைக்குப் போய்விடுவோம், அதனால் எழுதுகிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்றாய், நீயே வாசித்துக் காட்டு.

முதலில் அவளிடம் ஒன்று கேள். முழு விமானத்தைக் கண்ணால் பார்க்கணுமா, ஒரு பாகத்தைச் செய்தால் போதுமா? தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழிலில் நிறைய வேலை பாகம் செய்வதுதான். ஏர்பஸ்ஸின் ஏ400எம் ராணுவச் சரக்கு விமானத்தில் இறக்கையும் உடம்பும் சேரும் இடத்தை மூடும் பெரிய கவசம் இங்கே ஜோஹன்னஸ்பர்க் பக்கம் கெம்ப்டன் பார்க்கில் செய்ததுதான், ஆனால் விமானம் முழுசாவது ஸ்பெயினில், செவில்யாவில். தென்னாப்பிரிக்க அரசாங்கம் 8 விமானம் வாங்குவதாக இருந்து 2009இல் வேண்டாம் என்று விட்டுவிட்டது, அதற்கப்புறமும் பாகங்கள் இங்கிருந்து போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் இப்போது எங்கள் ஷெட்டில் இருக்கிறார். வருஷக்கணக்கில் அந்தக் கவசத்தையே செய்தவர், விமானத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை, அந்த வளைவைக் கையால் காட்டிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கணும். என்னால் அப்படி இருக்க முடியவில்லை, அதனால்தான் பெரிய இடத்தை விட்டு, நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் செய்கிற இடத்துக்கு வந்தேன். இங்கே தகடாக உள்ளே வருவது விமானமாக வெளியே போவதைப் பார்க்கலாம்.

சரி, அன்றாடம் என்ன வேலை? ஓட்டை போடுவது, பிசிறு எடுப்பது, தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியான ரிவெட்டை அடிப்பது. இன்ஜினியராக வந்தாலும் இதில் கை வைத்துப் பழகாதவர் வரைந்த டிராயிங்கை எங்கள் ஆட்கள் மதிப்பதில்லை, அது நியாயமும்கூட, ரிவெட் கன்னே நுழையாத மூலையில் ரிவெட் போடச் சொல்லி வரைகிறவர்கள் உண்டு. தகட்டுக்கு வெளியே ஒருவர் கன்னை வைத்து அடிப்பார், உள்ளே இன்னொருவர் குனிந்து உட்கார்ந்து ரிவெட்டின் வாலில் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்திருப்பார், வால் நசுங்கிப் பரந்து தகட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் எடுபடாது. உள்ளே இருப்பவர் கட்டியால் தட்டித்தான் சொல்வார்: ஒரு தட்டு என்றால் இன்னும் அடி, இரண்டு தட்டு என்றால் சரி, மூன்று தட்டு என்றால் கெட்டுப்போச்சு, எடுத்துவிடு. வெளியே ஜூலு பேசுகிறவர், உள்ளே ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர், நாள் முழுக்க இப்படியே வேலை ஓடும். சில வகை ரிவெட்டைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும், வெளியே எடுத்தால் கொஞ்ச நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும், அதற்குள் அடித்து முடிக்கணும். இதையெல்லாம் நாம் பரீட்சைக்கு ஒரு வரியில் படித்துத் தாண்டினோம்.

மீதி நேரம் முழுக்க எழுத்து வேலை. அவளுக்கு இது பிடிக்காது, நான் அழுத்திச் சொல்வதும் இதைத்தான். 2024 ஜனவரியில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, கதவு இடத்தை அடைத்திருந்த பலகை பிய்த்துக்கொண்டு போனதே, ஞாபகம் இருக்கா? தொழிற்சாலையில், பக்கத்தில் சில ரிவெட் சரியில்லை என்று அவற்றைச் சரிசெய்ய அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். மூடும்போது அதைப் பிடித்திருக்க வேண்டிய 4 போல்ட்டுகளைத் திரும்பப் போடவில்லை. திறந்ததற்கு எங்கேயும் பதிவு இல்லை, பதிவு இல்லாததால் மூடியதைச் சரிபார்க்கணும் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்லவேளை, யாரும் சாகவில்லை. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஷெட்டில் யாருமே சகஜமாக இல்லை. எதைக் கழற்றினாலும் எழுதணும், பூட்டினால் கையெழுத்து, அதைப் பார்த்தவர் இன்னொரு கையெழுத்து. கருவிப் பலகையில் ஒரு ஸ்பேனர் இடம் காலியாக இருந்தாலும் அது கிடைக்கிறவரை விமானம் நகராது.

கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆர்டர் ஐரோப்பாவில் எங்கேயோ முடிவாகும், அடி இங்கே விழும். 2020இல் கொரோனாவில் விமானங்கள் தரையிலேயே நின்றபோது, நான் அப்போது இருந்த கம்பெனி பாதிச் சம்பளம்தான் கொடுத்தது, நல்ல கைக்காரர்கள் பலர் துபாய், ஆஸ்திரேலியா என்று போனார்கள், திரும்பி வரவே இல்லை. ஒரு நல்ல ரிவெட்காரர் உருவாக எத்தனை வருஷம் ஆகும் என்று மேலே இருப்பவர்கள் கணக்குப் போடுவதே இல்லை, எனக்கு இன்றைக்கும் அதில் கோபம்தான்.

ஆனால் புது விமானம் முதல்முறை பறக்கிற நாள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். ஜோஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டர் பக்கம், காற்று அடர்த்தி கம்மி, வெயில் நாளில் விமானம் தரையை விட்டுக் கிளம்ப நிறைய தூரம் ஓடணும். இங்கே சிரமப்பட்டு ஏறுகிற விமானம் உங்கள் டர்பன் கடற்கரையில் சுளுவாக ஏறும்.

அதனால் லீவில் பயிற்சிக்கு அவள் சின்ன இடமாகப் பார்க்கட்டும். டெடர்ஃபீல்டில் சின்ன விமானம் செய்கிற ஸ்லிங் கம்பெனி இருக்கிறது, இன்ஜின் இல்லாமல் மிதக்கும் கிளைடர் மேல் ஆசை இருந்தால் பாட்செஃப்ஸ்ட்ரூமில் அதைச் செய்கிற ஜோங்கர் இருக்கிறது, அங்கே எல்லாம் ஃபைபர் வேலை. எங்கள் இடத்திலும் கேட்டுவைக்கிறேன். டிசைன் ரூமில் உட்காரவைத்தால் வேண்டாம், கீழே ஷெட்டில் விடுங்கள் என்று அவளே வாய்விட்டுக் கேட்கணும். ஜூலையில் அனுப்பு, நம் வீட்டிலேயே தங்கட்டும், ஆனால் இங்கே அப்போது குளிரில் பல் கிட்டும், ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பு. சி.வி.யை இந்த வாரமே மெயில் பண்ணச் சொல்.

உன் முழங்கால் எப்படி இருக்கு? டாக்டர் என்ன சொன்னார் என்று நீ சொல்லவே இல்லையே.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்