சனிக்கிழமை 'அல்மான்யா' பார்க்கிறோம்: வருபவர்கள் பெயர் கொடுங்கள்

வாசக வட்ட நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த மாதம் புத்தகத்துக்குப் பதில் படம். வரும் சனிக்கிழமை மாலை 4 மணி, நம் குடியிருப்பின் பொது அறை. யாஸெமின் ஷாம்தெரெலி இயக்கிய 'அல்மான்யா' (2011).

ஜெர்மனி துருக்கியோடு ஆள்சேர்ப்பு ஒப்பந்தம் போட்டது 1961-ல். 1964-ல் வந்திறங்கிய பத்து லட்சமாவது 'விருந்தினர் தொழிலாளி'க்கு (வெளிநாட்டிலிருந்து வேலைக்கு அழைக்கப்பட்டவர்) மொபெட் பரிசு கொடுத்தார்கள், அவர் போர்த்துகீசியர். இந்தப் படத்துத் தாத்தா, அவருக்கு அடுத்த ஆள்! படத்தில் துருக்கிக் குடும்பம் சரளமாக ஜெர்மன் பேசும். ஜெர்மானியர்கள் வாயில் வருவது புரியாத உளறல். ஜெர்மனிக்கு வந்த புதிதில் நம் காதிலும் அப்படித்தானே விழுந்தது?

1. பிள்ளைகளை அழைத்து வரலாம். போன முறை ஃபாத்தி ஆகினின் 'கேகன் டீ வாண்ட்' போட்டுவிட்டுப் பாதியில் அவர்களை வெளியே அனுப்பும்படி ஆனது. தவறு என்னுடையதுதான்.
2. வசன வரிகள் ஜெர்மனில்தான். புரியாத இடத்தில் நிறுத்தி விளக்கலாம்.
3. அடுத்த மாதம் எமினே செவ்கி ஓஸ்தமாரின் 'முட்டர்ட்ஸுங்க' (1990), அதாவது 'தாய் நாக்கு'. துருக்கி மொழியில் 'தில்' என்றால் நாக்கு, மொழி இரண்டும்தான். தலைப்பின் விளையாட்டே அதுதான். 2022-ல் ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய பரிசான கியோர்க் பியூஷ்னர் பரிசு பெற்றவர். முதல் கதை சின்னது, அதையாவது படித்துவிடுங்கள்.
4. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனில் எழுதும் செந்தூரன் வரதராஜாவின் 2016 நாவலை என்னிடம் யாரோ வாங்கிப் போனீர்கள். அன்று கொண்டு வாருங்கள்.
5. பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் நாற்காலி எண்ண முடியவில்லை.

அப்புறம், நொறுக்குத்தீனி அவரவர் பொறுப்பு. டீ நான் போடுகிறேன்.