ஏழாவது அடி

ஈசூன், சிங்கப்பூர்
ஞாயிறு இரவு

டேய் செல்வா,

நாலு மாதமாக உனக்குப் பதில் போடவில்லை. உன் மகள் பிளஸ் டூ பாஸ் செய்ததற்குக்கூட ஒரு வாழ்த்துச் சொல்லவில்லை. திட்டுவதென்றால் திட்டிவிட்டு மேலே படி. மார்ச்சில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துவிட்டது, வலது கையும் காலும். மூன்று வாரம் மருத்துவமனை, ஐந்து வாரம் சமூக மருத்துவமனை, இப்போது வீட்டில். பேச்சு குழறுகிறது. ஆனால் உன் போட்டோவைக் காட்டினால் "எல்பிடபிள்யூ பையன்" என்று தெளிவாகச் சொல்கிறார். அது மட்டும் மறக்கவில்லை பார்!

அண்ணனும் நானும் சண்டை போட்டுவிட்டோம். தப்பு என்னுடையது. கப்பல் பட்டறையில் முப்பது வருஷம் ஏணி ஏறி இறங்கிய மனிதர், கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நடக்க மாட்டேன் என்கிறாரே என்று ஒருநாள் கத்திவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அண்ணன் என்மேல் பாய்ந்தார். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் ராத்திரி அப்பாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. போனில் இந்தியா-ஆஸ்திரேலியா சிட்னி கிரிக்கெட் டெஸ்டின் கடைசி நாளைப் போட்டுக் காட்டினேன். 2021 ஜனவரி 11, திங்கட்கிழமை. நீ சென்னையில், நான் இங்கே, இரண்டு பேரும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதாகப் பேர், சாப்பாடு ஆறியது தெரியாமல் போனில் கத்திக்கொண்டிருந்தோமே, அதேதான். ரிஷப் பந்த் 97, புஜாரா 77 என்று இருவரும் போய்விட்டார்கள். விஹாரிக்கோ தொடைத் தசை பிடுங்கிக்கொண்டிருந்தது. அஷ்வினோ குனிந்து ஷூ லேஸ்கூடக் கட்ட முடியாத முதுகுவலியோடு வந்தவர். உள்ளே ஜடேஜா உடைந்த கட்டைவிரலோடு பேடு கட்டி உட்கார்ந்திருந்தார்.

தோற்காமல் டிரா செய்ய ஆட்டம் முடியும்வரை நின்றால் போதும் என்று அன்றைக்கு நாம் ஓவரை மட்டும்தான் எண்ணினோம். 42 ஓவருக்கு மேல் நின்றார்கள், விஹாரி 161 பந்தில் 23, அஷ்வின் 128 பந்தில் 39. இந்தத் தடவை என் கண்ணில் பட்டது வேறு. விஹாரியால் காலை நீட்டி முன்னால் வந்து ஆட முடியாது. அதனால் முடிந்தவரை சுழற்பந்து வீசும் நேதன் லயனை அஷ்வின் பார்த்துக்கொள்கிறார், வேகப்பந்தை விஹாரி. பத்துப் பத்துப் பந்தாகப் போகலாம் என்று அஷ்வின் தமிழில் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் கேட்டதே! உள்ளேயிருந்து செய்தி கொண்டுவந்த ஷர்துல் தாக்கூர், "என்னென்னவோ சொல்லச் சொன்னார்கள், நான் எதையும் சொல்லப்போவதில்லை, இப்படியே ஆடுங்கள்" என்று திரும்பிப் போனாராம். அஷ்வின் பிறகு சொன்ன கதை.

விடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். எனக்குத் தோளில் பலம் உண்டு. குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, ராத்திரி எழுந்து பார்ப்பது என் வேலை. சோறு ஊட்டுவது அண்ணன். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் பட்டறைக் கதை கேட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்காருவார். அந்த எண்ணெய் தடவு, இந்த வைத்தியரைப் பார் என்று சொந்தக்காரர்கள் போனில் சொல்வதையெல்லாம் அண்ணி வாங்கிக்கொள்கிறார், எங்களிடம் ஒன்றும் வருவதில்லை. அண்ணிதான் எங்கள் ஷர்துல்.

நடை, பத்துப் பத்து அடி. வீட்டுக்கு வரும் பிசியோ பெண் முதல் நாளே சொன்னது, என் காதில்தான் ஏறவில்லை. இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நான் அவருக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கிறேன். வலது செருப்பு தரையைத் தேய்க்கும். அவரே எண்ணுவார். ஆறு வரை வரும், ஏழு வராது. நின்றுகொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் சொல்லிக்கொடுக்கப் போனால், வேண்டாம், அவருக்காகக் காத்திருங்கள் என்றாள் அந்தப் பெண். செல்வா, அந்த நிற்பு எவ்வளவு நீளம் தெரியுமா? அவர் உதடு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நிற்க வேண்டும். வியாழக்கிழமை "ஏயு" என்று வந்தது. பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு வந்த அண்ணன் அழுதுவிட்டார்.

நேற்று இரண்டு பத்து முடித்து, மூன்றாவதில் நாலாம் அடியில் "போதும்" என்றார். சரி என்று உட்காரவைத்தேன்.

அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? டிசம்பரில் வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும், ஓட்டல் பேச்சே கூடாது. பருப்புப் பொடி சுமந்து வராதே, தேக்காவில் எல்லாம் கிடைக்கிறது. நல்ல கதர்த் துண்டு இரண்டு கொண்டு வா, அப்பா கேட்டார்.

உன்
பாலு