அப்பாவின் மர்செய்க்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

ரெயின்போ நகரில் எங்கள் தெருக்காரர்களுக்கும், அப்பாவின் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த) நண்பர்களுக்கும், பேச்சுப் பயிற்சிக்கு வந்த தங்கைக்கும், எதிர்வீட்டுத் தம்பிக்கும் வணக்கம்.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபிறகு நீங்கள் செய்ததற்கெல்லாம் ஒவ்வொரு வீடாக வந்து நேரில் நன்றி சொல்லத்தான் நினைத்தேன். இரண்டு வீடுகளுக்கு வரவும் செய்தேன். வாசலிலேயே அழுகை முட்டிக்கொண்டு வந்து, சொல்ல நினைத்தது பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு பிரான்சின் ஒலிம்பிக் மர்செய் கால்பந்து அணியையும் தெரிந்திருக்கும். பதினைந்து வருடம் பிரெஞ்சு ராணுவம், அதன்பின் மர்செய் துறைமுகத்தில் வேலை. மொழியும் குளிரும் பழகாத மனிதரை "வா, உட்கார்" என்று சேர்த்துக்கொண்டது வெலோத்ரோம் மைதானத்தின் படிக்கட்டுதான் என்பார். பக்கத்தில் அல்ஜீரியாக்காரர், முன்னால் கொமோரோ தீவுக்காரர், எல்லோர் கழுத்திலும் அதே வெள்ளை-நீல மஃப்ளர். 1993 மே 26 இரவு மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அபெடி பெலே அடித்த கார்னரை பசீல் போலி தலையால் முட்டி மிலானைத் தோற்கடித்தபோது எனக்கு எட்டு வயது. பக்கத்து வீட்டு போனுக்கு அப்பா கூப்பிட்டார். நள்ளிரவு தாண்டியிருந்தது. எங்களை நலம் கூட விசாரிக்கவில்லை. "ஜெயிச்சிட்டோம்" என்று மூன்று முறை சொன்னார், அவருக்குப் பின்னால் ஊரே கத்திக்கொண்டிருந்தது.

பாரிஸ் சான் ஜெர்மேன் என்றால் அவருக்கு வேப்பங்காய். எனக்கும்தான். மர்செய் 1899-இல் பிறந்த அணி, பாரிஸ் அணி பிறந்தது 1970-இல். 1991-இல் கனால் பிளஸ் தொலைக்காட்சி அதை வாங்கிப் பணத்தைக் கொட்டியது, 2011-இல் கத்தார் வாங்கி இன்னும் கொட்டியது. துறைமுக ஊரைத் தலைநகரம் எப்போதும் கீழாகத்தான் பார்க்கிறது என்பது அப்பாவின் வருத்தம். அந்த வருத்தம் எனக்கு நியாயமாகவே படுகிறது. 1993-இல் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லி வலான்சியன் அணி வீரர்களுக்கு மர்செய் தரப்பிலிருந்து பணம் போனதும், பிரெஞ்சு லீக் பட்டம் பறிபோனதும், மறுவருடம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டதும் உண்மை. அப்பா அதை மறைத்ததே இல்லை. "தப்பு தப்புதான்" என்பார். ஆனால் அதை ஒரு பாரிஸ் ரசிகர் சொன்னால் தாங்கமாட்டார்.

2025 மே 31 அன்று அதே மியூனிக்கில் பாரிஸ் 5-0 என்று இன்டர் மிலானை வென்றது. பிரான்சில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வாங்கிய ஒரே அணி என்ற பெருமை 32 வருடம் மர்செய்யிடம் இருந்தது, அன்றோடு போயிற்று. எதிர்வீட்டுத் தம்பி விடியற்காலை மூன்று மணிக்குப் பட்டாசு வெடித்தான். அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். அதன்பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 காலையில் கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் பதக்கங்களோடு நிமிர்ந்து நின்றவர், அந்த வாரமே ஒரு நள்ளிரவில் பக்கவாதம் வந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆட்டோ கூப்பிட ஓடிய எனக்கு முன்னால் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன் அதே தம்பி. ஃபெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதும் அப்பாவின் டிரங்குப் பெட்டியை மாடிக்கு ஏற்றியவன் அவன்தான். அந்தப் பெட்டிக்குள்தான் மஃப்ளர் இருந்தது.

தங்கையே, உனக்குத்தான் நிறையச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் அப்பா உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "தண்ணி" என்று சொல்ல முயன்று, வராமல், கண்ணில் நீர் கோத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருநாள் நீ என்னிடம், "பேச்சு வராதவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும் அக்கா. இவருக்கு மனப்பாடமா என்ன பாட்டு தெரியும்?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வெட்கத்தோடு பாடிக் காட்டினேன்: "அலே லோஎம்", மர்செய் ரசிகர்கள் மைதானத்தில் பாடுவது. மறுநாள் அதைப் போனில் கேட்டுப் பழகிக்கொண்டு வந்தாய். அப்பாவின் இடது கையைப் பிடித்து மெத்தையில் தாளம் தட்டினாய், ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நீ "அ" என்று நிறுத்தினாய், அப்பா "லே" என்றார். நான் அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

மஃப்ளரை ஜன்னல் கம்பியில் கட்டி வலது கையால் இழுக்க வைத்ததும் உன் யோசனைதான். ரப்பர் பந்தைத் தொடவே மாட்டேன் என்றவர் அதை மட்டும் இழுத்தார். இப்போது கம்பி உரசிய இடத்தில் நீல நூல் பிரிந்திருக்கிறது. நான் தைக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் செப்டம்பர் 21. மர்செய்யில் பாரிஸோடு ஆட்டம், நமக்கு நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்கு. சொல்தா மாமாக்கள் நால்வரும், எழுபதைத் தாண்டியவர்கள், அப்பாவை நடுவில் உட்கார வைத்துச் சுற்றி உட்கார்ந்தீர்கள். அங்கே புயல் மழை, ஆட்டம் தள்ளிவைப்பு என்று செய்தி வந்தது. அப்பா தலையைத் தொங்கப் போட்டுவிட்டார். "நாளைக்கு வர்றோம் முசே" என்று சொல்லிப் போனீர்கள். மறுநாளும் வந்தீர்கள். மூட்டுவலியோடு படியேறி வந்தீர்கள் மாமா, நான் கவனித்தேன். அன்று நவராத்திரி முதல் நாள். கோடி வீட்டு அக்கா கொலுச் சுண்டலைப் பெரிய தூக்கில் அனுப்பி வைத்தார்.

ஆட்டம் பதினொன்றரைக்கு. பதினொன்றுக்கு எங்கள் வீட்டு இணையம் போய்விட்டது. எதிர்வீட்டுத் தம்பி தன் மாடியிலிருந்து தெருவுக்குக் குறுக்கே கேபிள் இழுத்துக் கொடுத்தான். பாரிஸ் சட்டையோடு வாசலில் நின்றான். அப்பா இடது கையைத் தூக்கி அந்தச் சட்டையைக் காட்டினார். அவன் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் வெறும் பனியனோடு வந்து சுவரோரம் தரையில் உட்கார்ந்தான். தம்பி, அதற்கு நான் உனக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பாரிஸ் மீதான என் வெறுப்பு துளியும் குறையவில்லை, உன் மீது எனக்கு எந்தக் கசப்பும் இல்லை. இரண்டையும் மனதாரச் சொல்கிறேன்.

ஐந்தாவது நிமிடம். மர்செய் வீரர் கிரீன்வுட் அனுப்பிய பந்தைப் பாரிஸ் கோல்கீப்பர் சரியாகப் பிடிக்கவில்லை, அகேர்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அதற்கு மேல் ஒன்றரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை, சுண்டலைத் தொடவும் இல்லை. 1-0. வெலோத்ரோமில் லீக் ஆட்டத்தில் பாரிஸை மர்செய் வென்றது 2011-க்குப் பிறகு அன்றுதான்.

விசில் ஊதியதும் அப்பா பாடினார். அசை பிரியாமல், தட்டாமல், முழுசாக: "அலே லோஎம்". மாமாக்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் அப்பா சுவரோரம் திரும்பி, "தம்பி... சாப்டு" என்றார். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவனிடம் அவர் பேசிய முதல் சொல் அது.

கேபிளை இன்னும் கழற்றவில்லை தம்பி. பாரிஸில் நடக்கும் ஆட்டத்துக்கும் அது வேண்டும். மாமா, உங்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி வாங்கியிருக்கிறேன், படியேறச் சிரமப்பட வேண்டாம், கீழ் அறையிலேயே போட்டுவிடலாம்.

நன்றியுடன்,
ஒரு மர்செய் ரசிகரின் மகள்,
ரெயின்போ நகர், புதுச்சேரி