தெஹிவளைச் சந்தியில் இறங்குகிறவர்களையும் கணக்கில் எடுங்கள்

காலி வீதி நெரிசலைத் தீர்க்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

காலி வீதி என்றதும் உங்கள் மேசைக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வாகனங்கள் எவ்வளவு கெதியாகத் தெஹிவளையைத் தாண்டும்? கேள்வியில் பிழை சொல்ல மாட்டேன். காலையில் 100, 101 பஸ்களின் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிறவர்களும் நேரத்துக்கு வேலைக்குப் போகத்தானே வேண்டும். ஆனால் தெஹிவளையில் இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், பஸ் மாறுகிறவர்கள் அந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. இந்த ஊர் இருப்பதே அவர்களால்தான்.

வெள்ளவத்தை தாண்டி வரும் தெஹிவளைக் கால்வாயோடு கொழும்பு மாநகர சபை எல்லை முடிந்துவிடும். அதற்கு இங்கால் நாங்கள். மேற்கே கடலும் ரயில் பாதையும். கிழக்கே போனால் மிருகக்காட்சிச்சாலை, நெடிமால, களுபோவில, இன்னும் உள்ளே நுகேகொடை. காலி வீதியால் வருகிறவர் உள்ளே போவதற்கு இறங்கும் இடம் இந்தச் சந்தி. 1936இல் அரசாங்கம் மிருகக்காட்சிச்சாலையைப் பொறுப்பெடுத்த பிறகு, கொழும்பையே பார்த்திராத பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெஹிவளை என்ற பெயர் தெரிந்துவிட்டது. சனம் இறங்கும் இடத்தில் தேத்தண்ணிக் கடை வரும், அப்புறம் பார்மசி, நகை அடகுக் கடை, தையல் கடை. இரவில் கொத்துரொட்டிச் சத்தம். ஒருவரும் திட்டம் போட்டு இவற்றை இங்கே கொண்டுவந்து வைக்கவில்லை.

தமிழர் கதையும் இதற்குள் இருக்கிறது. 1995 யாழ்ப்பாண இடம்பெயர்வுக்குப் பிறகு வன்னி வழியாகக் கொழும்புக்கு வந்த குடும்பங்களில் பல, வெள்ளவத்தை வாடகை கட்டுப்படியாகாமல் கால்வாயைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தன. அறை பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்பதற்கு முன்பே கேட்பது, "பஸ் ஹோல்டிலிருந்து எவ்வளவு தூரம்?" இன்றைக்கும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா முடிந்து வருகிறவர்கள், பௌர்ணமிப் போயா தினத்தில் வெள்ளை உடுப்போடு கரகம்பிட்டிய விகாரைக்குப் போகிறவர்கள், நெடிமால விஷ்ணு கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டோடு போகிறவர்கள் என்று எல்லோரும் இந்த வீதியைக் குறுக்கே கடக்கிறவர்கள். நீங்கள் பார்ப்பதோ நெடுக்காகப் போகிறவர்களை.

மேம்பாலம் வந்தது. நேரே போகிறவர்களுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. கீழே நடக்கிறவருக்கு என்ன கிடைத்தது?

களுபோவில வைத்தியசாலையில் கிளினிக் உள்ள ஒரு நாள் காலை வந்து நின்று பாருங்கள். காலி வீதி பஸ்ஸில் வந்து இறங்குகிற ஒரு அம்மா. ஒரு கையில் குடை, மறு கையில் சொப்பிங் பேக். அதற்குள் கிளினிக் கொப்பி, பழைய மருந்துச் சீட்டு, ஒரு தண்ணீர்ப் போத்தல். அவர் களுபோவில பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். கண்டக்டர் "களுபோவில, களுபோவில" என்று கத்துவது கேட்கிறது, ஆனால் எட்டிப் போக முடியாது. நடைபாதையில் பாதியைக் கடைச் சாமான் பிடித்திருக்கிறது, மீதியில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. வீதியில் இறங்கி நடந்தால் பின்னால் ஓட்டோ ஹோன். கடக்கத் தொடங்கி நடுவில் வரும்போதே லைட் மாறப் பார்க்கிறது. அவர் ஓடவில்லை, ஓட முடியாது. கையை உயர்த்திக் காட்டிக்கொண்டே நடக்கிறார்.

உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். பாதசாரி வினாடிக்கு 1.2 மீற்றர் நடப்பார் என்று வைத்துக் கலர் லைட்டுக்கு நேரம் குறிப்பது பொறியியலில் பழைய வழக்கம். வீதி 15 மீற்றர் அகலம் என்று வையுங்கள், 12.5 வினாடி போதும். முழங்கால் நோவோடு 0.8 மீற்றர் நடக்கிறவருக்கு அதே வீதி கிட்டத்தட்ட 19 வினாடி. இடையில் இருப்பது ஆறு வினாடிச் சொச்சம். வாகனங்களிடமிருந்து அந்த ஆறு வினாடியை வாங்கித் தாருங்கள். வைத்தியசாலைக்குப் பஸ் மாறும் சந்தியில் இதைக் கேட்பது பெரிய ஆசை இல்லை.

நெரிசல் பேச்சு எழும்போதெல்லாம் கூடவே வரும் இன்னொரு யோசனை, பஸ் ஹோல்டைச் சந்தியிலிருந்து தள்ளி வைப்பது. சந்தி வாயிலேயே பஸ் நின்றால் பின்னால் எல்லாம் அடைபடும் என்பது எனக்கும் தெரியும். அதிலும் தனியார் பஸ்காரர் முன்னால் போன பஸ்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு குறுக்கே நிறுத்துவதற்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. தள்ளத்தான் வேண்டும் என்றால் தள்ளுங்கள். ஆனால் இரண்டு ஹோல்டையும் சேர்த்துத் தள்ளுங்கள். காலி வீதி ஹோல்ட் ஒரு பக்கம், களுபோவில பஸ் ஹோல்ட் இன்னொரு மூலை என்று பிரித்துவிட்டால் நெரிசல் குறைந்ததாக உங்கள் அறிக்கை சொல்லும். மாறிப் போகிற சனம் வெயிலில் நடக்கும். ஹோல்டுக்கு ஒரு கூரை, இரண்டு வாங்கு. மழை பெய்தால் ஓரத்தில் தேங்கும் தண்ணீருக்கு ஒரு வழி.

நடைபாதை வியாபாரிகளை ஒரே நாளில் விரட்டிவிட்டு வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டாம். சனம் இறங்குகிற இடத்தில்தான் அவர்களுக்கும் பிழைப்பு. இத்தனை அடி நடக்க, இத்தனை அடி விற்க என்று கோடு போட்டுக் கொடுத்தால் பெரும்பாலானோர் மதிப்பார்கள். மதிக்காதவரை எழுப்புங்கள், சரி.

கடைசியாக ஒன்று. அடுத்த முறை இந்தச் சந்தியில் எதையாவது தோண்டுவதற்கு முன், அதன் வரைபடத்தைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பஸ் ஹோல்டிலேயே ஒட்டுங்கள். இணையத்தில் போட்டோம் என்று சொல்லாதீர்கள். கிளினிக் கொப்பியோடு வருகிற அம்மா அங்கே பார்க்க மாட்டார். ஒரு மாதம் அது அங்கே இருக்கட்டும். கருத்துச் சொல்ல யாரைப் பார்ப்பது, எந்த நாளில் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
தெஹிவளைவாசி ஒருவர்